அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

பாட்டி வைத்திருந்த சுருக்குப் பையையோ, பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியையோ திறந்து கொட்டும்போது சில வேளைகளில் விசித்திரமான காசு ஒன்று கைக்கு வரும். அதன் ஒரு பக்கம் பிறைபோலக் கடிபட்டிருக்கும். அல்லது எழுத்துக்கள் இரட்டையாகத் தெரியும். அல்லது அதே வகைக் காசுகள் எல்லாம் வெள்ளையாக இருக்க, இது மட்டும் செம்பு நிறமாக இருக்கும். "இது நாணயச்சாலையில் தவறிப் போய் வந்த காசு, இலட்சக் கணக்கில் விலை போகும்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் உறக்கம் வராது.

இந்த ஆசையை நம்பியே பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். பெரிய தொகை ஒன்றைச் சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் நம்மிடமிருந்தே பணம் கேட்பார்கள். தன் பெயரைச் சொல்லியே இம்மோசடி நடப்பதைக் கண்டு, ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தான் ஈடுபடவில்லை. கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை என்று அது அறிவித்தது. காசைக் கையில் வைத்திருப்பவருக்கே அதைச் சோதிக்கத் தெரிந்திருந்தால் இவ்வாறு ஏமாற வேண்டியதில்லை. அதற்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து இயற்பியலே போதுமானது.

காசைப் பார்த்தவுடன் "இதன் விலை என்ன?" என்று கேட்பதுதான் வழக்கம். முதலில் கேட்க வேண்டியது, "இந்த மாறுதல் எப்படி உண்டாயிற்று?" என்பதே. நாணயச்சாலையில் காசு சில குறிப்பிட்ட நிலைகளைக் கடந்தே வெளிவருகிறது. அந்த நிலைகளுள் ஏதாவது ஒன்றில் இந்த மாறுதல் நேர்ந்திருக்க முடியுமானால் அது அச்சுப் பிழையாக இருக்கலாம். எந்த நிலையிலும் நேர முடியாது என்றால், காசு வெளியே வந்த பிறகு யாரோ, எதுவோ அதைக் கெடுத்திருக்கிறது என்று முடிவு செய்துவிடலாம்.

காசு பிறக்கும் விதம்

(சென்னையில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே நாணயச்சாலை இருந்ததன் அடையாளம் அது.)

உலோகக் கலவையை உருக்கி வார்த்து, உருளைகளுக்கு இடையே செலுத்தி, நீண்ட பட்டையாக ஆக்குகிறார்கள். அப்பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளைத் துளையிட்டு எடுக்கிறார்கள். வீட்டில் தட்டைக்கு மாவைத் தேய்த்து மூடியால் வெட்டி எடுப்பது போலத்தான். வெட்டிய வில்லைகளைச் சூடாக்கி மென்மையாக்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையும் குறுகிக்கொண்டே போகும் ஒரு பள்ளத்தின் வழியே உருட்டப்படுகிறது. இருபுறத்து அழுத்தத்தினால் அதன் ஓரம் சற்றே மேலெழுந்து விளிம்பாகிறது. கடைசியாக, விளிம்பு எழுந்த வில்லை அழுத்துப் பொறிக்குள் செல்கிறது. அங்கே மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் எஃகு வளையம். மேலச்சு ஒரே அடியாக இறங்குகிறது. உலோகம் அச்சுகளின் பள்ளங்களுக்குள்ளும் வளையத்தின் ஓரத்துக்கும் பாய்கிறது. ஒரு நொடிக்குள் வில்லை காசாகிவிடுகிறது.

ஆகவே பிழை மூன்று இடங்களில் நேரலாம்: வில்லையில், அச்சில், அடிக்கும் வேளையில். வில்லையில் நேரும் பிழைகளுள் மிகவும் புகழ் பெற்ற ஒன்றையே முதலில் பார்ப்போம்.

1943ஆம் ஆண்டின் செம்புக் காசு

இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கிக் குண்டுகளின் உறைகளுக்கும் மின் கம்பிகளுக்கும் செம்பு மிகுதியாகத் தேவைப்பட்டது. நாணயச்சாலைகள் செம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1943இல் காலணாவின் நடுவே பெரிய துளையிட்டு வெளியிட்டார்கள். முதியவர்கள் நினைவில் இன்றும் நிற்கும் 'ஓட்டைக் காலணா' இதுதான். அதே ஆண்டில் அமெரிக்கா தன் ஒரு சென்ட் காசைச் செம்பை விட்டுவிட்டு எஃகில் அடித்து, மேலே துத்தநாகம் பூசியது. அவ்வாண்டு மட்டும் நூறு கோடிக்கு மேற்பட்ட எஃகுச் சென்டுகள் வெளிவந்தன.

இத்தனை கோடி வெள்ளைக் காசுகளுக்கிடையே மிகச் சில செம்பு நிறக் காசுகளும் வந்துவிட்டன. 1942இல் மீந்த வெண்கல வில்லைகள் சில, வில்லைகளைக் கொண்டுசெல்லும் தொட்டிகளின் இடுக்குகளில் சிக்கியிருந்து, பிறகு எஃகு வில்லைகளுடன் கலந்து பொறிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் விளக்கம். இப்போது அறியப்பட்டுள்ளவை சில பத்துகளுக்குள்தான் அடங்கும். டென்வர் நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டதாக ஒன்றே ஒன்று தெரிய வந்துள்ளது. அது 2010இல் பதினேழு இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அந்த ஒன்று தற்செயலாக வந்ததன்று, ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே அடித்தது என்று கருதுகிறவர்களும் உண்டு.

1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் பதினாறு வயது மாணவன் ஒருவனுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கொடுத்த சில்லறையில் இக்காசு ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்ட காசுக்குப் போர்டு கம்பெனி புதிய மோட்டார் கார் தருகிறது என்று அப்போது ஒரு வதந்தி பரவியிருந்தது. அவன் விசாரித்தான்; அது பொய் என்று தெரிந்தது. அமெரிக்கக் கருவூலத் துறையைக் கேட்டதற்கு, 1943இல் செம்புச் சென்ட் அடிக்கப்படவே இல்லை, எல்லாம் எஃகே என்று பதில் வந்தது. அவன் காசை எறிந்துவிடவுமில்லை, விற்றுவிடவுமில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் தன்னிடமே வைத்திருந்தான். அவர் மறைந்த பின், 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதிகாரபூர்வமான பதிலைக் காட்டிலும் கையிலிருந்த உலோகமே உண்மையைச் சொல்லியது!

ஆனால் அவருடையது உண்மை என்பதால் எல்லோருடையதும் உண்மையாகிவிடாது. எஃகுச் சென்டுக்குச் செம்பு முலாம் பூசியவை ஏராளமாக இருக்கின்றன. 1948ஆம் ஆண்டுச் செம்புக் காசிலுள்ள 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கியவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு?

முதலில் காந்தம். முலாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பது எஃகு; காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அத்துடன் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எடை பார்க்க வேண்டும். எஃகுச் சென்ட் 2.70 கிராம், வெண்கலச் சென்ட் 3.11 கிராம். எடையும் சரியாக இருந்தால் ஆண்டு எண்ணை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். 1943இன் 3இல் வால் நீண்டு, மற்ற எண்களின் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். 8ஐ வெட்டி அமைத்த 3க்கு அந்த வால் வராது. சுரண்டிய இடத்தில் கீறல்களும் தெரியும். மற்றோர் அடையாளமும் உண்டு. எஃகு கடினமானது என்பதால் அவ்வாண்டு பொறிகளின் அழுத்தம் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த அழுத்தத்தில் மென்மையான வெண்கல வில்லை சிக்கும்போது எழுத்துக்களும் விளிம்பும் வழக்கத்தைவிடத் தெளிவாக எழும்பும். மங்கலாக அடிக்கப்பட்ட 1943 செம்புக் காசைக் கண்டால் ஐயப்படுவது நல்லது.

காந்தத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "காந்தத்தில் ஒட்டினால் போலி" என்பது பொது விதியன்று. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1947ஆம் ஆண்டு ஒரு ரூபாயைக் காந்தம் இழுக்கும். ஏனெனில் அது நிக்கலால் ஆனது, நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும். இதை அறியாமல் நல்ல ரூபாயை இரும்புப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. செம்பும் நிக்கலும் கலந்த பிற்காலக் காசுகளையோ காந்தம் இழுப்பதில்லை. அந்தக் காசு எந்த உலோகத்தில் அடிக்கப்பட்டது என்பதை முன்னரே தெரிந்துகொண்டால்தான் காந்தம் பயன்படும்.

அடர்த்தி காணும் எளிய வழி

உலோகம் எது என்ற ஐயம் தீராவிட்டால் அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். நகைக்கடைகளில் உள்ளதுபோல் 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். காசை முதலில் நேராக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதும் தண்ணீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நூலை நீங்கள் பிடித்திருந்தாலும் தராசு சிறிது எடை காட்டும். காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. தண்ணீர் கனசென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பதால், தராசு காட்டும் எண்ணே காசின் கன அளவாகும்.

3.11 கிராம் காசு 0.35 காட்டினால் அடர்த்தி ஏறத்தாழ 8.9, செம்புக் கலவை என்பது தெளிவு. 2.70 கிராம் காசு அதே 0.35 காட்டினால் 7.7, அது எஃகு. ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த தத்துவம்தான் இது. ஆனால் இச்சோதனையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 0.35 என்பது 0.34 ஆகவோ 0.36 ஆகவோ இருந்தால் விடை 9.1லிருந்து 8.6 வரை மாறிவிடும். எஃகையும் வெண்கலத்தையும் பிரிக்க இது போதும். வெண்கலத்தையும் செம்பு நிக்கல் கலவையையும் பிரிக்கப் போதாது. காசின்மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்குத் தவறும்.

கடிபட்ட காசு

பட்டையை நகர்த்துவதில் தவறு நேர்ந்தால், முன்பு வெட்டிய துளையின் மேலேயே வெட்டுக் கருவி மறுபடி இறங்கும். அப்போது பிறைபோல் ஒரு பகுதி குறைந்த வில்லை கிடைக்கிறது. அரத்தால் தேய்த்தும் இதே வடிவத்தை உண்டாக்கிவிடலாம். எடை இரண்டிலும் குறைந்தே இருக்கும். வடிவமும் எடையும் ஒன்றாயிருக்க, எதைக் கொண்டு வேறுபடுத்துவது?

கடிபட்ட இடத்தைப் பார்ப்பதைவிட, அதற்கு நேர் எதிர்ப்புறத்து விளிம்பைப் பார்ப்பது நல்லது. விளிம்பு எழுப்பும்போது வில்லை இருபுறமும் ஒரே நேரத்தில் அழுத்தப்படுகிறது என்று சொன்னோம் அல்லவா? ஒரு புறத்தில் உலோகம் இல்லாவிட்டால் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் விழாது. ஆகவே அங்கே விளிம்பு மழுங்கலாகவோ, இல்லாமலோ போகும். இதற்கு 'பிளேக்ஸ்லி விளைவு' என்று பெயர். அரத்தால் தேய்த்தவருக்குக் காசு முழுமையாக உருவான பின்னரே கிடைத்தது. அவருடைய காசில் எதிர்ப்புற விளிம்பு மிடுக்காக நிற்கும். மேலும், உண்மையான பிழையில் கடிக்கு அருகிலுள்ள எழுத்துக்கள் வெற்றிடத்தை நோக்கிச் சற்றே இழுபட்டிருக்கும். தேய்த்த காசில் எழுத்துக்கள் பாதியில் வெட்டுண்டு நிற்கும். கடி மிகச் சிறியதாக இருந்தால் இந்த விளைவு தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மையம் விலகி அடிபட்ட காசில் எடைக் கணக்கு நேர் மாறானது. அங்கே ஒரு பகுதி வெறுமையாக இருந்தாலும் உலோகம் எங்கும் போகவில்லை. எடை முழுமையாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பழங்காசுகளில் இதைப் பிழை என்று சொல்லவே கூடாது. முதலாம் இராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் சுத்தியலால் கையடியாக அடிக்கப்பட்டவை. சுற்றி வளையம் கிடையாது. ஒரு பக்கம் உருவம் நழுவியிருப்பது அவற்றின் இயல்பு.

இரட்டை எழுத்து

அச்சில் நேரும் பிழைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1955ஆம் ஆண்டு அமெரிக்கச் சென்ட். காசை அடிக்கும் அச்சே, ஒரு மூல அச்சைக் கொண்டு எஃகில் அழுத்தி ஆக்கப்படுவது. அக்காலத்தில் முழு உருவமும் பதிய ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் ஓர் அச்சை இரண்டாம் முறை அழுத்தியபோது அது சற்றே திரும்பியிருந்தது. அந்த அச்சால் அடித்த ஒவ்வொரு காசிலும் எழுத்தும் ஆண்டும் இரட்டையாக விழுந்தன. தவறு கண்டுபிடிக்கப்பட்ட வேளையில் அவை மற்றக் காசுகளுடன் கலந்துவிட்டன. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை வெளியே போயின. சிகரெட் விற்கும் தானியங்கிப் பொறிகளில், பாக்கெட்டுடன் மீதிச் சில்லறையாக வைத்த காசுகளில் பல இவை.

நம் கைக்கு வரும் 'இரட்டை எழுத்து'க் காசுகளில் பெரும்பாலானவை இந்த வகையல்ல. அச்சு தளர்ந்திருந்தால், அடித்த கணத்தில் சற்றே அசைந்து, எழுந்து நிற்கும் எழுத்தின் ஒரு பக்கத்தைத் தட்டையாக நசுக்கிவிடும். படிக்கட்டுபோல் தாழ்ந்த, பளபளப்பான ஓர் ஓரம் தெரியும், எழுத்து மெலிந்திருக்கும். உண்மையான அச்சுப் பிழையிலோ இரண்டு எழுத்துக்களும் உருண்டு எழுந்திருக்கும். மொத்தத்தில் எழுத்து தடித்திருக்கும். முனைகளில் பிளவு தெரியும். இன்னொரு நல்ல சோதனையும் உண்டு. அச்சில் உள்ள பிழை அந்த அச்சின் எல்லாக் காசுகளிலும் ஒன்றுபோலவே திரும்ப வரும். ஆகவே அதே ஆண்டின் வேறு காசில் அதே பிழை அதே இடத்தில் இருக்குமானால் நம்பிக்கை வலுக்கிறது. அடிக்கும்போது நேரும் விபத்துக்களோ ஒவ்வொன்றும் தனித்தனியானவை.

அடித்த காசு வெளியே விழாமல் அச்சில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் அடுத்த வில்லை அடிபடுவதும் உண்டு. அப்போது ஒரு பக்கத்தில் கண்ணாடி பிம்பம்போல் உருவம் பள்ளமாகப் பதியும். இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்கியும் இதைப் போலச் செய்கிறார்கள். வேறுபாடு எளிது. நெருக்கிய காசில், பள்ள உருவத்துக்கு அடியில் அக்காசின் சொந்த உருவம் நசுங்கிக் கிடக்கும். உண்மைப் பிழையில் அந்தப் பக்கத்துக்குச் சொந்த உருவம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. இரண்டு பக்கமும் தலை உள்ள காசுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் இரண்டு காசுகளைக் கடைசல் எந்திரத்தில் குடைந்து பொருத்திய வித்தைக்காரர் காசுகள். விளிம்பின் உட்புறம் நகத்தால் தடவினால் இணைப்புத் தட்டுப்படும். கல்லின்மேல் போட்டால் ஒலி மந்தமாயிருக்கும்.

பிழையே அல்லாதவை

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள குறி மாறியிருப்பதைப் பிழை என்று கருதுகிறவர்கள் பலர். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. 1985இல் நம் காசுகள் சில வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் அடிக்கப்பட்டன. அவற்றின் குறிகள் வேறு. இவற்றில் பிழை ஏதுமில்லை. அமெரிக்கக் காசைப் புத்தகப் பக்கம்போல் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக நிற்கும். அந்நாட்டு வழக்கமே அதுதான்.

'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்று பொறித்து, இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ உள்ள செப்புக் காசுகள் வேறு ஒரு வகை. கம்பெனி அப்படிப்பட்ட காசு எதையும் வெளியிட்டதில்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற பொம்மைக் காசு அது. அது அரிசியை இழுக்கும் என்று சொல்லிச் சொத்தை இழக்கச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடர்த்தி 8.9 உள்ள செம்பு எந்த அரிசியையும் இழுக்காது.

இத்தனை சோதனைகளிலும் ஒரு காசு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பலரும் செய்யும் முதல் காரியம் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது! பழைய உலோகத்தின் மேல் படிந்த நிறம் வெறும் அழுக்கன்று. சுரண்டல், முலாம், பற்றவைப்பு ஆகியவை பிற்காலத்தவை என்பதைக் காட்டும் சாட்சியே அந்நிறம்தான். பழைய நிறம் பள்ளத்திலும் மேட்டிலும் ஒன்றுபோல் தொடர்ந்திருந்தால், மாறுதலும் பழையது என்று பொருள். துலக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். காசை விளிம்பில் பிடித்து எடுத்து, தனி உறையில் இடுங்கள். எடை, குறுக்களவு, காந்தச் சோதனையின் முடிவு, எங்கே எப்போது கிடைத்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பிறகு அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நாணயவியல் அறிந்த ஒருவரிடமோ அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எந்த நிபுணராலும் சரியாகச் சொல்ல முடியாது.